வான்கோழியைத் தமதா ஆக்கிய ஜான்சூரத்

விருந்தென்றாலும் விழாவென்றாலும், தலைமை இருக்கை தனக்காகவே செய்யப்பட்டதோ என்று எண்ணும்படி நிமிர்ந்து அமர்ந்திருக்கும் நம் ஊர் விருந்துத் தலைவராம் தமதா, மதிப்பிற்குரிய தாலோஸ்தான் அண்ணன் அவர்களே! ஆட்டுத்தோல் தொப்பி அணிந்து, ஊன்றிய கைத்தடியில் தாடையைத் தாங்கி, முதல் வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! இளந்தீயில் கோழிக்குழம்பை வைத்துவிட்டு, அது அடிபிடிக்குமோ என்று ஒரு காதும் மேடையில் நிற்கும் இந்த ஹச்சிம் என்ன உளறப் போகிறான் என்று ஒரு காதுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நால்சிக் நகரத்திலிருந்து மழையோடு வந்து சேர்ந்த எழுத்தாளர் நண்பர்களே! பள்ளித் தலைமையாசிரியை அஸியத் அவர்களே! ஜன்னல் விளிம்பில் குருவிகளைப் போலத் தொற்றிக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

இத்தனை பேருக்கும் மேலாக, மேடைக்கு வரமாட்டேன் என்று காலையிலிருந்து சண்டை போட்டு, இப்போது வந்து உட்கார்ந்தும் வாசற்கதவையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் ஜான்சூரத் அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தை மலைத்தேனாய் உருக்கி வார்க்கிறேன்.

என்ன அக்கா? "சுருக்கமா பேசுடா" என்கிறார். முடியாது அக்கா. நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் கதைகளுக்கு நான் படம் போட்ட காலம் முடிந்துவிட்டது. இன்று நான் சொல்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள்!

அவையோரே! பேரரசர்களைப் பாடியவர்கள் உண்டு, பெரும்போர்களைப் பாடியவர்கள் உண்டு. குதிரைக்கும் வாளுக்கும் பாட்டுக் கட்டிய குலம் நம் மலைநாட்டுக் கபர்தியக் குலம். ஆனால் பல் விழுந்த ஆறு வயதுக் குழந்தை சிரிப்பதற்கென்று, அந்தக் குழந்தையின் மொழியிலேயே எழுத வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது? இவருக்குத் தோன்றியது. எங்கே தோன்றியது? கல்லூரியிலா? கவியரங்கிலா? இல்லை. மருந்து நெடியடிக்கும் மருத்துவமனையில் தோன்றியது!

நால்சிக் நகரில் குழந்தைகள் பிரிவில் அக்கா அப்போது நர்ஸ். ஒருநாள் மேலை மலையூர் ஒன்றிலிருந்து ஒரு பையனைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. டாக்டர் நல்லவர், ரஷ்ய மொழியில் கனிவாகத்தான் கேட்கிறார், எங்கே வலிக்கிறது என்று. பையன் வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்கிறார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். அக்கா குனிந்தார். அவன் காதருகே நம் மொழியில் கேட்டார்:

"என் கண்ணு, எங்கடா நோவுது?"

அவ்வளவுதான்! அந்தப் பையன் சொன்னான்: "வயித்துக்குள்ள ஒரு நாய்க்குட்டி இருக்கு அக்கா. இந்த ஓரத்துல கடிக்குது. விட்டுட்டு மறுபடி கடிக்குது."

இந்த ஓரத்தில்! விட்டு விட்டு! வேறென்ன வேண்டும் ஒரு டாக்டருக்கு? அக்கா மொழிபெயர்த்துச் சொல்ல, உடனே அறுவைச் சிகிச்சை நடந்தது, பையன் பிழைத்தான். கண் விழித்ததும் அவன் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை, தாய் இல்லை. "அந்த நாய்க்குட்டி எங்க போச்சு?" என்று கேட்டான்!

என்ன சொல்வார் அக்கா? நாய்க்குட்டி வெளியே குதித்தது என்றார். கட்டிலுக்கடியில் ஓடியது, சமையலறைக்குள் நுழைந்தது, தலைமை டாக்டரின் செருப்பைக் கவ்வியது என்றார். சுற்றியிருந்த கட்டில்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. "அப்புறம்? அப்புறம்?" அந்த அப்புறம்தான், அவையோரே, இவரை எழுத்தாளர் ஆக்கியது!

கதையைத் தாளில் எழுதிக்கொண்டு எங்கள் சிறுவர் பத்திரிகைக்கு வந்தார். நான் அங்கே படம் போடுகிறவன். கொழுகொழுவென்று, கழுத்தில் நாடா கட்டிய நாய்க்குட்டி ஒன்றை வரைந்து பெருமையோடு நீட்டினேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இது யார் வீட்டு நாய்?"

"கதையில வர்ற நாய்தான் அக்கா."

"இல்லப்பா. இது கடையில விக்கிற பொம்மை. நம்ம ஊர் நாய்க்குட்டி வால்ல முள்ளுக்காய் ஒட்டியிருக்கும். ஒரு காது நிக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். எந்த வீட்டு வாசல்ல ஆடு அறுத்தாங்கன்னு அதுக்குத் தெரியும். போய்ப் பாத்துட்டு வந்து போடு."

போய்ப் பார்த்தேன். பார்த்துப் போட்டேன். அன்று பிடித்தவர்தான், இன்றுவரை என்னை விடவில்லை!

அடுத்து அக்கா எழுதியது, இன்று நம் எல்லோருக்கும் தெரிந்த வான்கோழிக் கதை. ஒரு முற்றம், அதில் கோழிகள், வாத்துகள், தன்னைத் தானே தமதாவாக நியமித்துக்கொண்ட ஒரு வான்கோழி. தமதா என்றால் விருந்துக்குத் தலைவர். அவர் வாழ்த்துரை சொல்லி முடிக்கும்வரை யாரும் உட்காரக்கூடாது, நகரக்கூடாது. அந்த வான்கோழியோ வாழ்த்த ஆரம்பித்தால் கஞ்சி ஆறிக் கட்டியாகி, கட்டி காய்ந்து கல்லாகும்வரை வாழ்த்தும்! ஒருநாள் வேலிக்கதவு கிரீச்சென்று திறக்கிறது. நரி நிற்கிறது. "விருந்தாளியா வந்திருக்கேன்" என்கிறது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விருந்தாளியை யாரென்று கேட்கலாமா? எதற்கு வந்தாய் என்று கேட்கலாமா? வாசலோடு அனுப்பலாமா? கூடாது, கூடாது, கூடவே கூடாது! கோழிகள் என்ன செய்யும்?

ஜன்னல் பக்கம் எல்லாக் கையும் உயர்கிறது! பொறுங்கள் குழந்தைகளே, நான்தான் சொல்வேன். முதலில் அந்தக் கதைக்கு என்ன கதி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இதைப் போன்ற கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகமாக்கி, நால்சிக் பதிப்பகத்தில் கொடுத்திருந்தார் அக்கா. அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளியில் நம் மொழி வகுப்புக்கு அது துணைநூல் ஆகும் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து, இதே மண்டபத்தில், இதே இடத்தில், பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. நம் மொழி வகுப்பு இனி வேண்டுமா, வேண்டாமா? பெற்றோரே முடிவு செய்யலாம்!

வேண்டாம் என்று முதலில் எழுந்தவர் யார்? அதோ, மூன்றாவது வரிசையில், நீலத் தலைத்துணியோடு உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஃபூஸா அம்மாள்! முறைக்காதீர்கள் அம்மா. உங்களைக் குறை சொல்ல இந்த நாக்கு எழாது. உங்கள் வலி எனக்குத் தெரியும்.

அவர் அன்று பேசியதை அப்படியே சொல்கிறேன். "என் தம்பி கணக்குல புலி. பெரிய ஊருக்குப் பரீட்சை எழுதப் போனான். கேள்வி புரியல. கணக்கு புரியுது, கேள்வி புரியல! பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். திரும்பி வந்தவன் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் அதப் பத்திப் பேசல. என் மகனுக்கும் அது நடக்கணுமா? இருக்கிற நேரத்துல இன்னும் கொஞ்சம் ரஷ்ய மொழி படிக்கட்டும். நம்ம பாஷைய வீட்டுல பேசிக்கலாம்!"

இதற்கு யார் பதில் சொல்வது? எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா எழுந்தார்.

"ஃபூஸா, நீ சொல்றது நியாயம். எனக்குப் பதில் தெரியல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். உன் மகன் உன்கிட்டப் பொய் சொல்றப்போ எந்தப் பாஷையில சொல்றான்?"

"நம்ம பாஷையிலதான்! வேற எதுல சொல்வான் திருட்டுப் பய!"

"அந்த அளவுக்கு அவனுக்கு அது கைவந்திருக்கு. அதுல எழுதவும் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபூஸா அம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். வகுப்பு வேண்டாம் என்று கை தூக்கினார்கள்! ஆம், அவையோரே, அன்று நாம் தோற்றோம். ஒரு பள்ளியில் மட்டுமா? பள்ளத்தாக்கு நெடுக அதே கதைதான். பதிப்பகத்தார் அக்காவைக் கூப்பிட்டார்கள். "பாடமே இல்லாதப்போ புத்தகத்த யாரம்மா வாங்குவா?" கதைத்தாள்களைக் கயிறு போட்டுக் கட்டி, அலமாரியின் உச்சித் தட்டில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

அக்கா அழுதாரா? எனக்குத் தெரியாது. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் பேருந்து ஏறினார் என்று மட்டும் தெரியும். அந்தப் பேருந்தை ஓட்டியவர் யார் தெரியுமா? இதோ, இன்று தலைமை வகிக்கும் நம் தாலோஸ்தான் அண்ணன்! செகெம் ஆற்றங்கரையோரம் அந்தப் பேருந்து பாதி வழி உருண்டு, பாதி வழி இருமி, நால்சிக் போய்ச் சேரும். வழியில் சந்தை. சந்தையைத் தாண்டிப் பெரிய பள்ளி. எனவே வண்டி நிறையப் பிள்ளைகள்.

ஒரு சிறுமி அக்காவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அந்த நாய்க்குட்டிக்கு அப்புறம் வேற கதை எழுதலையா?"

எழுதலையாவா! அலமாரி உச்சியில் கயிறு கட்டிக் கிடக்கிறதே! அக்கா ஒரு கணம் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஒரு முற்றத்துல ஒரு வான்கோழி இருந்திச்சு…" என்று ஆரம்பித்தார்.

வகுப்பறை இல்லையா? வண்டியே வகுப்பறை! கரும்பலகை இல்லையா? பனிமூடிய ஜன்னற்கண்ணாடியே கரும்பலகை! சின்ன விரல்களால் அந்தக் கண்ணாடியில் நம் எழுத்துகளை எழுதினார்கள் பிள்ளைகள். தாலோஸ்தான் அண்ணன் மேட்டில் மெதுவாக ஓட்டுவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் இறக்கத்திலும் மெதுவாக ஓட்டினார்! அதிகாரி கேட்டதற்கு, "வண்டி புதுசா பழகுது" என்று சொன்னாராம். என்ன அண்ணே, உண்மைதானே? தலையாட்டுகிறார்!

அந்த வண்டியில் ஃபூஸா அம்மாளும் ஏறுவார், மடியில் புளித்த பாலேடு நிறைந்த வாளியோடு, சந்தைக்கு. அக்காவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கூட்டத்தில் ஜெயித்தவர் அல்லவா, கூச்சம் இருக்காதா? அன்று கதை வேலிக்கதவுக்கு வந்தது. நரி நின்றது. "விருந்தாளியா வந்திருக்கேன்" என்றது. வண்டி சந்தையில் நின்றது. ஃபூஸா அம்மாள் எழுந்திருக்கவில்லை. வண்டி சந்தையை விட்டுக் கிளம்பியது. ஃபூஸா அம்மாள் அசையவில்லை. பள்ளி வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். அக்கா கதையை நிறுத்திவிட்டார்.

"ஏய், என்ன நிறுத்திட்ட?" வாளியோடு திரும்பினார் ஃபூஸா அம்மாள்.

"கேக்குறவங்க இறங்கிட்டாங்களே."

"நான் என்ன கல்லா? அந்த நரிய உள்ள விட்டாங்களா இல்லையா?"

"நாளைக்குச் சொல்றேன். உன் சந்தை போயிடுச்சே ஃபூஸா."

அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தார் அம்மாள். பார்த்ததும் போட்ட சத்தத்தில் தாலோஸ்தான் அண்ணன் பிரேக்கை மிதித்தார்! வாளியைச் சுமந்து சேற்றில் திரும்பி நடந்தார் சந்தைக்கு, வழியெல்லாம் நரியைத் திட்டிக்கொண்டே! மறுநாள்? முதல் ஆளாக வந்து, அக்காவுக்கு எதிர் இருக்கையைப் பிடித்து, பிள்ளைகளை அதட்டினார்: "ஷ்! பேசாம இருங்க!"

இப்போது சொல்கிறேன் முடிவை. நரி முற்றத்துக்குள் வந்தது, விருந்தாளி ஆயிற்றே. கோழிகள் நடுங்கின. வான்கோழி மட்டும் நிமிர்ந்தது. "வந்த விருந்தாளிக்கு வாழ்த்துச் சொல்லாமல் பந்தி தொடங்கலாமா?" என்று ஆரம்பித்தது. நரியின் பாட்டனை வாழ்த்தியது, பாட்டனின் பாட்டனை வாழ்த்தியது, நரியின் வாலை வாழ்த்தியது, வாலின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே வாழ்த்தியது! தமதா பேசும்போது விருந்தாளி உட்காரலாமா? வாயைத் திறக்கலாமா? நரியும் கபர்தியாவின் நரி அல்லவா, மரியாதை தெரிந்தது! நின்றது, நின்றது, கால் மாற்றி நின்றது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, மேய்ச்சலிலிருந்து நாய்கள் வீடு திரும்பும் சத்தம் கேட்டதும், "ஐயா, உங்க வாழ்த்துலயே எனக்கு வயிறு நெறஞ்சிடுச்சு" என்று வேலி தாண்டி ஓடியது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று பேருந்தும் இப்படித்தான் குலுங்கியது. ஃபூஸா அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கோபம் வந்தது.

"ஜான்சூரத், இத ஏன் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல?"

"நீங்கதானே வேண்டாம்னு கை தூக்கினீங்க."

"நான் இதையா வேண்டாம்னேன்? என் மகன் வச்சிருந்த பாடப் புத்தகத்த நீ பாத்தியா? 'எங்கள் பண்ணை இலக்கை எட்டியது. பக்கத்துப் பண்ணையும் இலக்கை எட்டியது.' படிச்சுப் படிச்சு அவனே தூங்கிட்டான், கேட்டு நானும் தூங்கிட்டேன்! இந்த மாதிரிச் சோத்த எலையில போட்டிருந்தா எவ வேண்டாம்னு சொல்லப் போறா? அந்தப் புத்தகம் இப்ப எங்க?"

"அலமாரி மேல."

"எந்த அலமாரி?"

அடுத்த வாரம் பதிப்பகத்தில் வேறொரு வேலையாக நான் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. முதலில் வாளி வந்தது. பின்னால் ஃபூஸா அம்மாள் வந்தார். பதிப்பாசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அம்மா, பாலேடு வாங்குறது கீழ, சாப்பாட்டுக் கூடத்துல."

"நான் விக்க வரல. கத சொல்ல வந்தேன்."

நின்றபடியே சொன்னார், அவையோரே! ஒரு எழுத்துப் பிசகாமல், வான்கோழிக்கு ஒரு குரல், வாத்துக்கு ஒரு குரல்! தட்டச்சுச் சத்தம் நின்றது. பக்கத்து அறைப் பெண்கள் வாசலில் குவிந்தார்கள். கணக்கர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்து நின்றார். வேலிக்கதவு திறந்தது, நரி நின்றது, "விருந்தாளியா வந்திருக்கேன்" என்றது. ஃபூஸா அம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்!

"அம்மா, அம்மா! அப்புறம் என்ன ஆச்சு?" என்று எழுந்தே விட்டார் ஆசிரியர்.

"உங்க அலமாரி மேலதான் இருக்கு. இறக்கிப் படிச்சுக்குங்க. படிச்சா மட்டும் போதாது, அச்சடிங்க. நாங்க வாங்குறோம்."

நாற்காலி போட்டு ஏறி, நான்தான் அந்தக் கதைத்தாள்களை இறக்கினேன். தூசி மூக்கில் ஏறித் தும்மினேன். என் வாழ்நாளில் அவ்வளவு இன்பமாக நான் தும்மியதே இல்லை!

புத்தகம் வந்தது. நம் ஊர்க் கடையில் சோப்புக் கட்டிகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் நடுவே வைத்து விற்றார்கள். வான்கோழிக்கு நான் போட்ட உயரத் தொப்பியைப் பார்த்து, "இது தாலோஸ்தான் தொப்பியாச்சே!" என்று ஊரே கண்டுபிடித்துவிட்டது. அண்ணன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் வந்து, தன் வீட்டுக்கு இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்.

தாய்மார்களைத் திரட்டிக்கொண்டு ஃபூஸா அம்மாள் பள்ளிக்குப் போனார். எந்தக் கையால் வேண்டாம் என்றாரோ அந்தக் கையாலேயே மேசையைத் தட்டி, வகுப்பைத் திரும்ப வாங்கினார். அவர் மகன் ரஷ்ய மொழியும் படித்தான், நம் மொழியும் படித்தான். பாலம் கட்டும் பொறியாளராகி, அதோ பின்னால் நின்றுகொண்டிருக்கிறான். ஆகவே அன்றைய கூட்டத்தில் ஃபூஸா அம்மாள் பட்ட பயமும் உண்மை. பேருந்தில் அவர் சிரித்த சிரிப்பும் உண்மை. இரண்டுக்கும் இடம் கொடுத்த மனசு, எங்கள் அக்காவின் மனசு!

அதற்குப் பிறகு எத்தனை புத்தகங்கள்! ஓஷ்ஹமாஹோ மலையுச்சியில் பனியை யார் அரைக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பிய முள்ளம்பன்றி. தன் நிழலோடு சண்டை போட்ட கன்றுக்குட்டி. பூண்டு உப்புக்கு ஆசைப்பட்டு மூக்கைச் சுட்டுக்கொண்ட கரடி. நாம் வளர்ந்தோம், நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அந்தக் கரடி மட்டும் வளரவே இல்லை!

அன்பர்களே! மொழி எங்கே வாழ்கிறது? மாளிகையிலா? மாநாட்டிலா? மலர்வளையம் வைக்கும் மண்டபத்திலா? நான் சொல்கிறேன். ஒரு குழந்தை எந்த மொழியில் சிரிக்கிறதோ அங்கே வாழ்கிறது! எந்த மொழியில் கோள் மூட்டுகிறதோ அங்கே வாழ்கிறது! எந்த மொழியில் தன் வயிற்றுவலிக்குப் பெயர் வைக்கிறதோ அங்கே, அங்கேதான், அது வாழ்கிறது!

சென்ற மாதம் நகரத்து அதிகாரிகள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். இந்தப் பாராட்டு விழாவுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். தெருவுக்குப் பெயர் வைக்கட்டுமா? வெண்கலத்தில் தலைச்சிலை வைக்கட்டுமா? அக்கா சொன்ன பதிலை அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

"வெண்கலமெல்லாம் வேண்டாம்பா. நம்ம பாஷை வகுப்பு எப்பவுமே கடைசி மணியில வருது. அந்த நேரத்துல பிள்ளைங்களுக்குப் பசி. பாதிப் பேர் தூங்குது, மீதிப் பேர் பேருந்தப் பாக்குது. அத முதல் மணிக்கு மாத்துங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

முதல் மணி! கழுவிய முகத்தோடு, வாரிய தலையோடு, கனவின் சூடு கண்ணில் ஆறாத பிள்ளைக்கு முதலில் பரிமாறும் மணி! எத்தனை ஆண்டுகளாகத் தாய்மொழிக்குப் பந்தியின் கடைசி இடத்தைக் கொடுத்து வைத்திருக்கிறோம்? மீந்ததைப் போட்டு வளர்த்திருக்கிறோம்? நான் இனி என்ன பேசினாலும் வீண். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். அஸியத் அம்மா, நீங்களே எழுந்து சொல்லுங்கள்.

ஒலிவாங்கி எட்டவில்லையாம், அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன். "திங்கக்கிழமையிலேர்ந்து முதல் மணி நம்ம பாஷை. எல்லா வகுப்புக்கும்!"

தட்டுங்கள்! கூரை போனால் போகட்டும், நம் பொறியாளர் கட்டித் தருவார்! இங்கே திரும்புங்கள், அக்காவைப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைக்கிறார். துடைத்ததையே துடைக்கிறார். என்ன அக்கா? சொல்லுங்கள், நான் எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறேன்.

"ஒண்ணாம் வகுப்புக்கு யார் எடுக்குறது?" என்று கேட்கிறார்.

அஸியத் அம்மா இன்னும் ஆள் போடவில்லை என்கிறார்.

"அப்ப திங்கக்கிழமை நான் வர்றேன்" என்கிறார் எங்கள் ஜான்சூரத்!

பேச வந்தவனுக்கு இதற்கு மேல் பேச்சில்லை. பொறுமை காத்த தமதாவுக்கும், பெருமை சேர்த்த பெரியோருக்கும், அடுப்பையும் மறந்து அமர்ந்திருந்த அன்னையருக்கும், சண்டையிட்டும் சிரித்தும் நம் மொழிக்குச் சோறிட்ட ஃபூஸா அம்மாளுக்கும் என் நன்றி. உங்கள் வாசல்கள் விருந்தாளிகளால் நிறையட்டும், உங்கள் வீடுகள் குழந்தைக் கூச்சலால் அதிரட்டும். அக்காவுக்கு என் இரு கரம் கூப்பிய வணக்கம். அவையோர் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!